சாவடியில் ஒரு பாரி, வீட்டில் ஒரு பாரி

கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. பள்ளிக்கூடம் நின்றுபோனதும் அதனால்தான். ஆறாம் வகுப்பில் வாத்தியார் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். எனக்கோ வீட்டில் அம்மா அடுப்பை அணைத்தாளா, கன்றுக்குட்டி கயிற்றில் கழுத்தைச் சுற்றிக்கொண்டதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றுக்குப் போகணும் என்று விரலைக் காட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன். அடுப்பு அணைந்துதான் இருக்கும். கன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். "அங்கன உக்காந்து இங்கன ஓடியாறதுக்கு, இங்கனயே இருந்துரு" என்று அப்பா ஒருநாள் பையைப் பிடுங்கி உத்தரத்தில் மாட்டிவிட்டார். அந்தப் பையில் புத்தகத்தோடு பாதி தின்ற கொய்யாக்காய் இருந்ததே, எறும்பு வருமே என்று அன்றைக்கும் கவலைப்பட்டேன்.

கல்யாணமாகி வந்த ஊர் குற்றாலத்துக்கும் இலத்தூருக்கும் நடுவில், வயலுக்குள் நாலு தெருவாக இருந்தது. வாசலில் நின்றால் மலை தெரியும். ஆனி பிறந்துவிட்டால் மலை தெரியாது, சாரல்தான் தெரியும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். வாய்க்காலில் இலையும் சருகுமாகச் செந்தண்ணீர் வந்தால் அங்கே அருவி கொட்டுகிறது என்று அர்த்தம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சீசனில், குற்றாலத்து லாட்ஜ்களில் இடம் கிடைக்காமல் ஒரு மதுரைக் குடும்பம் நனைந்துகொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது. ஒரு ராத்திரி தங்கிக்கொள்கிறோம் என்றார்கள். எட்டு நாள் இருந்தார்கள். போகும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அருவியை விட உங்கள் வாய்க்கால்தான் பிடித்தது என்றாள். அடுத்த வருடம் அவர்கள் சொல்லி நாலு குடும்பம் வந்தது. அதற்கடுத்த வருடம் யார் சொல்லி யார் வந்தார்கள் என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வீடு முன்னறையைக் காலி பண்ணி, பாயும் குடமும் வைத்து விட்டார்கள்.

ஓலைக்கூரை ஓட்டுக்கூரை ஆயிற்று. எட்டாம் வகுப்போடு நிற்க வேண்டிய பெண்பிள்ளைகள் தென்காசிக்கு பஸ் ஏறிப் படிக்கப் போனார்கள். பிற்பாடு என் மூத்தவளும் அப்படித்தான் போனாள். அதெல்லாம் உண்மை. ஆனால் வாய்க்காலில் பெண்கள் குளிக்கிற படித்துறையில் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வெளியூர் ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருட்டோடு எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தோம். நாற்றங்காலில் உடைந்த பாட்டில் கிடந்து எங்கள் வீட்டுக்காரருடைய கூட்டாளிக்குக் காலைக் கிழித்தது. பிள்ளைகள் காரைக் கண்டால் மிட்டாய்க்குக் கையை நீட்டிக்கொண்டு ஓடின. என் இரண்டாவது மகளும் ஓடினாள். அவளை அடித்துவிட்டு நான் அழுதேன்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர் வெளியாளே வேண்டாம் என்றார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டுப் புது ஓட்டுக்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் பெரியவராக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு ஏற்பாடு சொன்னார். வீட்டுக்கு ஒரு குடும்பம், அதுவும் பொண்டாட்டி பிள்ளையோடு வந்தால் மட்டும். கார் ஊர்முகப்பில் புளியமரத்தோடு நிற்க வேண்டும். சோப்பு போடுகிறவர்கள் வாய்க்காலின் கீழ்மடைக்குப் போக வேண்டும். காலையில் வெயில் ஏறுகிற வரைக்கும் படித்துறை பெண்களுக்கு.

"சொல்லிட்டிய அண்ணாச்சி. தினமும் யாரு பாக்குறது?" என்று யாரோ கேட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பின்னால் இருந்து, "எங்க வீட்டுக்காரியப் போடுங்க. அவ எப்பிடியும் தூங்கப் போறதில்ல" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கினபோது வேலை என் தலையில் இருந்தது.

அந்த வேலைக்கு என்னை விடப் பொருத்தமான ஆள் தாலுகாவிலேயே கிடையாது. விடியும் முன்னே படித்துறை, அப்புறம் புளியமரம், அப்புறம் தெருத்தெருவாக. எந்த வீட்டு வாசலில் எத்தனை ஈரத்துண்டு காய்கிறது என்று பார்த்தால் உள்ளே ஒரு குடும்பமா இரண்டு குடும்பமா என்று தெரிந்துவிடும். சாயங்காலம் பாட்டில் பொறுக்குவேன். குளிக்கப் போன பிள்ளை திரும்பி வந்ததா என்று அந்தப் பிள்ளையின் தாயை விட நான் அதிகம் வாசலைப் பார்ப்பேன். எனக்குப் போலீஸ்காரி என்று பெயர் வைத்தார்கள். கீழத்தெருவில் ஒருத்தி இருந்தாள், வாய் நீளம். வெளியாளே வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னவர்களில் முதல் ஆள் அவள்தான். நான் அவள் வாசலைக் கடக்கும்போதெல்லாம், "ஏளா, எங்க வீட்டுச் சேவல் இன்னைக்குப் பிந்திக் கூவிச்சி, அதையும் எழுதிக்கோ" என்பாள்.

ஆனாலும் ஏற்பாடு நின்றது. இரண்டு மூன்று சீசன் நல்லபடியாகப் போயிற்று. வந்தவர்களே திரும்ப வந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறைக்கு வருடா வருடம் ஒரு மெட்ராஸ்காரம்மா, அவர் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் நாள் முழுக்கப் பேப்பர் படிப்பார். அந்த அம்மா எதையும் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுவிட்டு, நாம் சொல்வதை முழுதாகக் கேட்கவும் செய்வார். அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சீசன் உச்சத்தில் இருக்கிற ஆடியில்தான் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும் வரும். கொடைக்கு எட்டு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, முளைப்பாரி போடுவோம். வீட்டுக்கு ஒரு மண்சட்டி. எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறைக்குள் வைத்துவிட வேண்டும். இருட்டில் வளர்ந்தால்தான் முளை நெட்டையாக, வெளிறின மஞ்சளாக, ஒன்றுபோல் நிற்கும். வெளிச்சம் பட்டால் குட்டையாகிப் பச்சை ஏறிவிடும். எட்டு நாளும் பெண்பிள்ளைகள் அந்த அறைக்கு முன்னால் சாயங்காலம் கும்மியடித்துப் பாட வேண்டும். அடுத்த செவ்வாய் தலையில் தூக்கி ஊரைச் சுற்றி, அம்மன் முன்னால் வைத்து, வாய்க்காலில் கரைப்போம். அதுவரை உள்ளே போகிறவள் ஒருத்திதான். தண்ணீர் தெளிக்கிறவள். வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. பாரி எப்படி வந்திருக்கிறதோ அப்படித்தான் அந்த வருடத்து வெள்ளாமை என்பார்கள். ஊரில் யாருக்காவது உடம்புக்கு வந்தாலும் பாரியைத்தான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அதனால் வெகுகாலமாக அங்கேதான் பாரி. மாமியார் போன பிறகு தண்ணீர் தெளிப்பதும் சாவியும் என்னிடம் வந்தன. முதல் இரண்டு வருடம் கூடவே என் மைனி இருந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். "போதும், கையை எடு" என்று அவள் சொல்லும் வரை தெளிப்பேன். அவள் சொன்னதும் நிறுத்துவேன். அதற்கப்புறம் அவளுக்கு மூட்டுவலி வந்து, குனிந்து வாசல்படி தாண்ட முடியாமல் உள்ளே வருவதை நிறுத்திவிட்டாள்.

எண்பது பிறந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். ஆனி மாதம் குற்றாலத்திலிருந்து ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்தார். மழை இல்லாதபோதும் கக்கத்தில் குடை வைத்திருப்பார். அவருடைய லாட்ஜில் தங்குகிறவர்களுக்குக் காலையில் அருவி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் செய்ய ஒன்றும் இல்லையாம். முந்தின வருடம் யாரோ எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, அருவி நாலு ஊருல இருக்கு. இது எங்கன இருக்கு? வேன்ல கூட்டிட்டு வாரேன். பாரி வளரதப் பாப்பாவ, பிள்ளைய கும்மியப் பாப்பாவ, ஒரு மணி நேரத்துல கூட்டிட்டுப் போயிருதேன். ஊருக்குச் செய்ய வேண்டியத லாட்ஜ் செய்யும்."

அண்ணாச்சி திரும்பக் கூட்டம் போட்டார். கீழத்தெருக்காரி எழுந்து நின்று, "அம்மனுக்கும் டிக்கட் போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேண்டாம் என்கிற கட்சிக்கு அது போதுமாக இருந்தது. இதோடு சேர்த்து வீட்டுக்கு ஆள் வைக்கிறதையும் நிறுத்திவிடலாம் என்று பேச்சு போனது. என் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தாள். சீசன் குடும்பம் வராவிட்டால் அவள் பஸ் ஏற முடியாது. நான் ஓடிவந்த மாதிரி அவள் ஓடிவரவில்லை, படிக்கிறாள். அந்தப் பயத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு பாரி போடுவமே. வீட்டுக்கு ரெண்டு சட்டி. ஒண்ணு எங்க வீட்டுல, எப்பவும் போல, யாரு கண்ணுலயும் படாம. இன்னொண்ணு சாவடியில, பாக்க வாரவியளுக்கு."

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்தான். காட்டுவது ஒன்று, காப்பது ஒன்று. அண்ணாச்சி மட்டும் தாடையைத் தடவினார். "செஞ்சு பாப்போம். ஆனா இந்த வருசம் கொடையில ஒரு குறை வந்துதுன்னா, வேனும் கிடையாது, வீட்டுக்கு ஆளும் கிடையாது. அதோட முடிஞ்சுது" என்றார். யோசனை சொன்னவள் நான். அதனால் அந்தச் சொல் என்னைப் பார்த்தே சொன்னதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு இடத்திலும் போட்டோம். ஊர்ப் பொதுச் சாவடிக்கு மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. திறப்பில் மூங்கில் தட்டியைச் சாத்தினோம். அன்று சாயங்காலம் பிள்ளைகள் எங்கள் வீட்டு முற்றத்தில் கும்மியடித்தார்கள். புதன், வியாழன் சாரல் பலமாக இருந்தது. "நாளைக்கு வேன்காரவிய வாராவ, தொண்டை கட்டிக்கிடும்" என்று பிள்ளைகள் வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து வேன் வந்தது. இரண்டு விரல் உயர முளையைப் பார்க்க எத்தனை பேர்! தட்டியை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பிள்ளைகள் பாவாடை தாவணியில் சாவடியில் கும்மியடித்தார்கள். முடிந்ததும் மேனேஜர் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். வேன் போன பிறகு அவளவள் வீட்டில் தங்கியிருக்கிற குடும்பத்துக்குச் சோறு பொங்க ஓடினாள். என் மகளைப் பார்த்து, "நம்ம முற்றத்துல?" என்றேன்.

"நாளைக்கும்மா. கை எரியுது" என்று உள்ளங்கையைக் காட்டினாள். சிவந்துதான் இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் கால் நிற்காது. சாவடியில் வேன் ஆட்கள் செருப்போடு ஏறுகிறார்களா என்று ஒரு ஓட்டம். புளியமரத்தைத் தாண்டி வேன் வந்துவிட்டதா என்று ஒரு ஓட்டம். நடுவில் பின்னறை. கதவு பூட்டித்தான் இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா? கூட்டம் இத்தனை வருகிறதே, திருஷ்டி படாமல் இருக்குமா? எலி புகுந்திருக்குமோ? காய்ந்துவிட்டதோ? திறந்து பார்ப்பேன். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, கைதான் பார்க்கும். தொட்டுப் பார்த்துவிட்டு, வந்தது வந்தோம் என்று ஒரு கை தண்ணீர். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்பது கணக்கு. நான் எத்தனை தரம் போனேன் என்று எனக்கே தெரியாது. மெட்ராஸ்காரம்மா ஒருநாள், "என்னக்கா, அந்த ரூமுக்குள்ள குழந்தை ஏதும் தூங்குதா?" என்று கேட்டார். "அப்பிடித்தான் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்ததும் ஒரு வாடை. எரு வாடை என்று சொல்லிக்கொண்டேன். தெளித்துவிட்டுப் பூட்டினேன். திங்கட்கிழமை காலையில் திறந்தபோது சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஊறப்போட்ட துணியை மறந்து மூன்று நாள் கழித்து எடுத்த மாதிரி இருந்தது. கை வைத்தேன். முளை நிற்கவில்லை, படுத்துக் கிடந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. விளக்கை எடுத்துவந்து பார்த்தேன். சட்டிக்குச் சட்டி பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஒரே ஒரு சட்டி மட்டும், கோடி மூலையில், என் கை எட்டாத இடத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் நூல் மாதிரி நின்றது. யாருடையது என்று சட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். கீழத்தெருக்காரியுடையது.

கதவைப் பூட்டினேன். பூட்டினேனா என்று அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மைனி வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"எத்தன தடவ ஊத்துன?"

"எண்ணல மைனி."

"ஏட்டி, நீ பயறு வளத்தியா, மீன் வளத்தியா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுதியா? அதையும் போய் அதுலயே ஊத்து."

அப்புறம்தான் தைலத்தை மூடினாள். வெளியே தெரியாமல் சாவடிச் சட்டிகளை இன்றைக்கு ராத்திரியே எங்கள் வீட்டில் மாற்றி வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "பச்சை ஏறிக் கெடக்குட்டி அது. பாத்த உடனே தெரியும். அது மட்டுமா, நீ இன்னைக்கு மாத்தி வச்சுட்டு நாளைக்கு யாருகிட்டயாது சொல்லாம இருப்பியா? உன்னால முடியுமா?" என்றாள். முடியாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியானம் வீட்டுக்கு ஒருத்தியாகப் பெண்களையும், கும்மியடிக்கிற பிள்ளைகளையும் எங்கள் முற்றத்துக்குக் கூப்பிட்டோம். கதவைத் திறந்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். யாரும் உள்ளே போகவில்லை. வாடையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒருத்தி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியாள் கண்ணுபட்டதுதான் என்றாள் இன்னொருத்தி. வெளியாள் இந்தப் பக்கமே வரவில்லையே, சாவடிக்குத்தானே போனார்கள் என்றாள் வேறொருத்தி. சத்தம் ஏறியது. கீழத்தெருக்காரி மட்டும் எட்டிப் பார்த்து, "என் சட்டி நல்லாத்தான இருக்கு" என்றாள்.

"ஒனக்கென்ன மகராசி, மூலையில வச்சுத் தப்பிச்சுக்கிட்ட" என்றாள் மைனி.

"அப்பம் நாளைக்கு என்ன செய்யப் போறிய? போட்டோ புடிச்ச பாரியைத் தூக்கி அம்மன் முன்னால வைக்கப் போறியளா?"

மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் ஒண்ணு கேக்கேன். இந்த முற்றத்துல எத்தன நாளு கும்மியடிச்சிய?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். என் மகள்தான் சொன்னாள், ஒரு நாள் என்று.

"சாவடியில?"

"வெள்ளி, சனி, ஞாயிறு. இன்னைக்கும் போவணும்."

"அம்மன் பேரைச் சொல்லித்தான பாடுனிய?"

"வேற என்ன பாட்டு பெரியத்தை இருக்கு?"

மைனி திரும்பி எங்களைப் பார்த்தாள். "எதைச் சுத்திப் பாடுனாவளோ அது நிக்கி. பாட்டுப் படாதது படுத்துட்டு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள். நான் தண்ணீர் ஊற்றினதை அவள் அந்த இடத்தில் சொல்லவில்லை. நானே சொன்னேன். சொல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அது நெஞ்சில் ஓடும். "நான் ஊத்துனது கூடிப்போச்சு. எட்டாத சட்டி நல்லா இருக்கு பாருங்க" என்றேன். கீழத்தெருக்காரி முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தாள்.

அன்று சாயங்காலம் வேன் வந்தது. மேனேஜரிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை, திரும்பிப் போய்விடுங்கள் என்றேன். "அக்கா, பதினெட்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன், எம் மானம் போவும்" என்று குடையை ஆட்டினார். "எங்களுக்குப் போனது போதும் தம்பி" என்றேன். என்ன போனது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வேன் திரும்பிப் போகும் வரை நான் புளியமரத்தடியை விட்டு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். சாவடியிலிருந்து சட்டிகளை இறக்கி மாலை சுற்றினோம். பச்சைப்பசேல் என்று குட்டையாக, தடித்தண்டாக இருந்தது. கீரைப்பாத்தியைத் தலையில் தூக்கினதுபோல் இருந்தது எனக்கு. கீழத்தெருக்காரி எங்கள் வீட்டுக்குள் போய், தன்னுடைய மஞ்சள் பாரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வரிசைக்கு முன்னால் நின்றாள். எல்லாரும் அவள் தலையைப் பார்த்தோம். பிறகு என்ன நினைத்தாளோ, இறக்கி என் மைனியிடம் கொடுத்துவிட்டுச் சாவடிக்குப் போய்த் தன்னுடைய பச்சைச் சட்டியைத் தூக்கி வந்தாள்.

"நான் மட்டும் மஞ்சளாத் தூக்குனா நான்தான் என்னமோ தப்புப் பண்ணுன மாதிரி இருக்கும். தள்ளி நில்லுங்கட்டி" என்றாள்.

கோயில் வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார். வரிசை நெருங்கினதும் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. "என்ன இது, பாரி பச்சையா இருக்கு?" என்றார். மைனி எனக்குப் பின்னால் இருந்து, "மெதுவாச் சொல்லு" என்றாள். எனக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

"வீட்டுப் பாரி அழுகிப்போச்சு அண்ணாச்சி. நான்தான் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன். இது சாவடிப் பாரி. வேன்காரவிய பாத்தது. பிள்ளைய பாடுன நாலு நாள்ல மூணு நாளு இதைச் சுத்தித்தான் பாடிச்சு. அங்கன ஒரு நாளுதான். ரெண்டு பாரின்னு சொன்னதும் நான்தான். மத்தவிய யாரும் இல்ல."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு சட்டியாகப் பார்த்துக்கொண்டு வரிசையின் கடைசி வரை நடந்தார். கூட்டத்தில் எங்கள் வீடுகளில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்களும் நின்றார்கள், மெட்ராஸ்காரம்மா தன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு. யாரும் போட்டோ எடுக்கவில்லை. அண்ணாச்சி திரும்பி வந்து, "பாட்டுக் கேட்டது இதுதான?" என்றார். மைனி ஆமாம் என்றாள். "அப்பம் உள்ள கொண்டாங்க" என்றார். மேளம் தொடங்கியது. என் தலையிலிருந்த சட்டி ஆடியது. என் மகள் பக்கத்தில் வந்து ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மஞ்சள் பாரியை மைனி கொண்டுபோய் எல்லாச் சட்டிக்கும் நடுவில் வைத்தாள்.

கொடை முடிந்த மூன்றாம் நாள் கூட்டம். குறை வந்தால் எல்லாம் முடிந்தது என்று அவர் சொல்லியிருந்தாரே, நான் என் மகளின் புத்தகப் பையைப் பார்க்காமல் வீட்டை விட்டு வந்தேன். பேச்சு நீளமாகப் போனது. எனக்குப் பாதி காதில் விழவில்லை. கீழத்தெருக்காரி எழுந்தபோது சரிதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"வீட்டுல தங்குனவிய யாரும் எதையும் கெடுக்கல. அவிய கேட்டாவ, கதவு சாத்தியிருக்குன்னு சொன்னோம், சரின்னு போயிட்டாவ. நாமதான் கதவில்லாத எடத்துல ஒண்ண வச்சுக் கூப்பிட்டோம். பிள்ளைய சீவனெல்லாம் அங்கன போச்சு. ஆளு இருக்கட்டும், வேன் வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்து, "போலீஸ்காரியும் இருக்கட்டும். ஆனா அவகிட்ட சாவிய மட்டும் குடுக்காதிய" என்றாள். ஊர்க்கூட்டத்தில் இரண்டாம் தடவையாக எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்படியே முடிவாயிற்று. ஒரே பாரி. கும்மி எங்கள் முற்றத்தில். ஊரில் தங்கியிருக்கிற குடும்பங்கள் வந்து உட்கார்ந்து பாட்டைக் கேட்கலாம், கதவு சாத்தியே இருக்கும். பாரி முடிகிற வரை பிள்ளைகளுக்கு விருந்தாளிச் சமையல் கிடையாது, அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மேனேஜர் அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்து பார்த்தார். அவர் கூட்டி வந்தவர்களில் ஒரு குடும்பம் வேனை விட்டு இறங்கி, தங்க வீடு கிடைக்குமா என்று கேட்டது. வேன் வருவது நின்றுபோனது, அந்தக் குடும்பம் வருடா வருடம் வந்தது.

அந்த வருடம் முழுக்க நான் பட்ட பாடு தனி. யார் வீட்டில் இருமல் கேட்டாலும் பச்சைப் பாரிதான் என்று நினைப்பேன். புரட்டாசியில் மழை தள்ளிப்போனது, என்னால்தான் என்று சாப்பாடு இறங்கவில்லை. ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது, இவ்வளவு எதற்கு, இதுவும் என்னாலா என்று பயந்தேன். நெல் எப்போதும் போலத்தான் விளைந்தது. ஒரு மாடு செத்தது. அதற்கு வயதாகியிருந்தது என்று எங்கள் வீட்டுக்காரர் பத்துத் தடவை சொன்னார்.

அடுத்த ஆடியில் சட்டிகளைப் பின்னறையில் வைத்துக் கதவைப் பூட்டினதும், மைனி சாவியை வாங்கித் தன் மகளின் இடுப்பில் செருகினாள். அந்தப் பெண் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வந்து தெளித்துவிட்டுப் போவாள். அவள் உள்ளே இருக்கும்போது நான் அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்று மைனியின் உத்தரவு. என் வீடு, என் அறை, நான் எட்டிப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு நாள் என் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தேடியது. அந்த அறை வாசலைக் கடக்கும்போது மூக்கை உறிஞ்சி வாடை வருகிறதா என்று பார்ப்பேன். மண்வாடைதான் வந்தது. அதுவும் நிச்சயமாகத் தெரியாது.

ஆறாம் நாள் சாயங்காலம் முற்றத்தில் பிள்ளைகள் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்குள் என் மகளும் இருந்தாள், பத்தாம் வகுப்பு போய்விட்டாள். ஓட்டு விளிம்பிலிருந்து சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்குப் பாய் போட்டிருந்தேன். மெட்ராஸ்காரம்மா பாயில் உட்காராமல் என் பக்கத்தில், சாத்தின கதவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் எப்படி வந்திருக்குக்கா?" என்று என் காதருகே கேட்டார்.

"தெரியாதும்மா" என்றேன். "என்னையும் உள்ள விடல. செவ்வாக்கிழமை உங்களோட சேந்துதான் நானும் பாக்கணும்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனது. எனக்கு உள்ளே போய் ஒரே ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும் போல்தான் இருந்தது.